அத்தாவுக்குக் கோபம் என்று எழுதக் கூடாதாம்

பேகம்பூர், திண்டுக்கல்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அருமை மகள் ஷாஹினாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய ரஹ்மத்தில் நானும் உன் அத்தாவும் தம்பி ஹஸ்ஸானும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, அந்தக் குளிர் ஊரில் நீ காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். பக்கத்து வீட்டு நியாஸ் நாளைக்கு கிளாஸ்கோவுக்கு விமானம் ஏறுகிறான். அவன் கையில் இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், வடகம் எல்லாம் பார்சல் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் உன் அத்தா காதில் விழும், அதனால்தான் இதை எழுதி அந்தப் பார்சலிலேயே வைக்கிறேன்.

நீ நத்தத்து மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மனோதத்துவம் படிக்கப் போய் எட்டு மாதம் ஆகிறது, அவர் உன்னோடு ஒரு வார்த்தை பேசி எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் நீ கேட்டபோது அத்தா இன்னும் கோவமாத்தான் இருக்காகன்னு சொன்னேன், அதற்கு உன் வகுப்புப் பாடத்தை வைத்து என்ன பேச்சுப் பேசினாய்! கோவம்கிறது நடத்தை இல்லம்மா, அது நீங்க வச்ச பேரு, கண்ணால பாத்ததையும் காதால கேட்டதையும் மட்டும் சொல்லுங்க, எத்தன தடவைன்னு எண்ணிச் சொல்லுங்கன்னு. சரி, பேசாம இருக்காக, அதுவாவது நடத்தையான்னு கேட்டேன். அதுவும் இல்லையாம், செத்துப்போனவர் செய்யக்கூடிய எதுவும் நடத்தை ஆகாதாம், பேசாமல் இருப்பதை ஒரு மையித்தும் செய்யுமாம். அல்லாவே, உன் அத்தா நூறு வயது இருக்க வேண்டும், பெற்ற தகப்பனுக்குச் சொல்கிற உதாரணமா அது! போனை வைத்ததும் மூன்று தடவை பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் உலை வைத்தேன்.

ஆனாலும் நீ சொன்னால் செய்யாமல் இருப்பேனா, இந்த வாரம் எண்ணினேன். எதில் எண்ணுவது என்று தெரியாமல் ஸலவாத் ஓதும்போது விரலில் மாட்டுகிற கவுண்டரையே மாட்டிக்கொண்டு, உன் அத்தா போனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு அமுக்கு. புதன்கிழமை அது நூற்றுப் பதினேழு காட்டியது, அதில் ஸலவாத் எத்தனை, உன் அத்தா எத்தனை என்று ரப்புக்குத்தான் வெளிச்சம். அவரும் கவனித்துவிட்டார். ஏம்புள்ள, நான் திரும்புனா திக்ரு, போனைப் பாத்தா திக்ரு, என்ன திடீர்னு இம்புட்டுப் பக்தின்னு கேட்டார், எனக்கு வந்த சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டேன்.

இனி நான் கண்டதைக் கேள். உன் போன் வந்தால் டிவி சத்தத்தைக் குறைக்கிறார். மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டே அடுப்படி வாசல் வரை வருகிறார். நேற்று நாம் பேசிய இருபது நிமிடத்தில் அங்கேயே நின்று நாலு தம்ளர் தண்ணீர் குடித்தார், தாகம் என்று எழுத மாட்டேன், அது நான் வைக்கிற பேர். செவ்வாய்க்கிழமை செல்லைப் பார்த்துக்கொண்டே இன்னைக்கும் மழைதான்னு சொன்னார். நான் மாடியில் வடகம் காய்கிறதே என்று முழங்காலையும் மறந்து ஓடினேன். போய்ப் பார்த்தால் மண்டையைப் பிளக்கிற வெயில்! இறங்கி வந்து அவர் செல்லை எட்டிப் பார்த்தேன், கிளாஸ்கோ என்று போட்டிருந்தது. பார்சலில் ஒரு குடை இருக்கும், அது நான் வைத்தது இல்லை.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. காலைத் தொழுகை முடிந்து கையேந்தி உட்கார்ந்தால் முன்பெல்லாம் செத்த நேரத்தில் எழுந்து தோல் மண்டிக்குக் கிளம்பிவிடுவார், இப்போது என் டீ ஆறிப்போகிறது, எழுவதில்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. இதை எப்படி எழுதுவது, பார்த்தது உதடு மட்டும்தானே, உள்ளே என்ன ஓடுகிறது என்று நானாகப் பேர் வைக்கக் கூடாதே. உன் டீச்சரிடம் கேட்டுச் சொல். ஆனால் ஒன்று சொல்கிறேன், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக ஓடி எனக்கு அலுத்துவிட்டது. அவர் பேசவில்லை என்றால் நீயாவது போனை அத்தாவிடம் கொடுங்கள் என்று ஒரு தடவை கேளேன், வீம்பில் நீயும் அவர் மகள்தானே.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. வடகத்தை டப்பாவில் போட்டு இறுக்கி மூடு. அல்லா உனக்கு நிறைந்த கல்வியும் நீண்ட ஆயுளும் தரட்டும், ஆமீன்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
உம்மு சல்மா.

ஷாஹினா, அத்தா எழுதுகிறேன். பார்சலுக்கு டேப் ஒட்டச் சொல்லி உன் அம்மா கொடுத்தாள், கடிதம் மேலேயே இருந்தது, படித்துவிட்டேன். தண்ணீர் நாலு தம்ளர் இல்லை, மூன்று. உதட்டில் அசைவது உன் பெயர். அதை எப்படி எழுத வேண்டுமோ நீயே எழுதிக்கொள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தால் நான் எடுப்பேன். முதலில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அங்கே மழையா என்று கேட்பேன், ஆமாம் அத்தா என்று சொல்.

அப்துல் ஜப்பார்.