தொட்டிலுக்கு மேலிருக்கும் பலகை

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு, பெறாமலே உன்னை வளர்த்த சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும், இதை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை அம்மா. முதலில் போய்த் தொட்டிலை, நான் அனுப்பிய பலகையில் நீங்கள் அடித்த அந்த ஷெல்ஃபுக்கு அடியிலிருந்து நகர்த்து, மிச்சத்தை அப்புறம் படி.

அங்கே மழையில் டவர் விழுந்துவிட்டதாம், உங்கள் இருவர் போனும் கிடைக்கவில்லை, அதனால் பலகையைக் கொண்டுவந்த அதே லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பலகை ஆலையில் சூட்டு பிரஸ்ஸை என்னைப் போல் ஓட்ட ஆள் கிடையாது, வெளிநாட்டு இன்ஜினியரே என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், சித்திதான் நம்பமாட்டாள். மரச்சீவலையும் பசையையும் கலந்து அழுத்தி எடுக்கும் பலகையை மற்றவர்கள் ஒவ்வொன்றாக நிறுத்தி ஆறவைத்த பிறகே அடுக்குவார்கள். நானோ உனக்கென்று முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் பலகைகளாகப் பொறுக்கி, கீறல் விழக்கூடாதென்று சூட்டோடு சூடாக பிளாஸ்டிக் சுற்றி, அதன்மேல் கம்பளியும் போர்த்திக் கட்டினேன், கைக்குழந்தையைக் கூட யாரும் அப்படிப் பொத்தியிருக்கமாட்டார்கள். உனக்கு அனுப்பியது போக மிஞ்சிய பலகையில் சித்திக்குப் பாத்திர ஷெல்ஃப் அடித்தேன். நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அது மடமடவென்று இறங்கிவிட்டது. மேலும் கீழும் பளபளப்பு அப்படியே இருக்கிறது, நடுப்பாகம் மட்டும் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. ஆலையில் பசை கலக்கும் பெண்ணிடம் துண்டைக் காட்டினேன், "சூட்டோட பொத்தி வெச்சா உள்ள பசை செத்துப்போகும்ணே, வெளிய ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். "யானையே நிக்கும்னீங்க, என் குண்டான் நிக்கலையே" என்று சித்தி கேட்டாள். ஷெல்ஃப் நிறைய மாப்பிள்ளையின் தடித்த புத்தகங்கள், நேர் கீழே குழந்தை தூங்குகிறது என்று நீ அனுப்பிய போட்டோவை ஆலை முழுக்கக் காட்டித் திரிந்தவன் நான், இப்போது அதைத் திறக்காமல் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார் மாப்பிள்ளை. வேண்டாம், நானும் தட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன், கணீரென்றுதான் கேட்டது. பேசாமல் கழற்றிப் போட்டுவிடுங்கள். மூவரும் நன்றாக இருங்கள், குழந்தை நீண்ட ஆயுளோடு வளரட்டும். தொட்டில் நகர்ந்ததைக் கண்ணால் பார்க்காமல் டிரைவர் கிளம்பமாட்டார், திரும்பும் வழியில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் எனக்குச் சொல்வார், அதுவரை நான் தூங்கப்போவதில்லை.

பலகை ராஜா என்று எப்போதும் கையெழுத்துப் போடுவேன், இந்தத் தடவை வெறும்
உன் சித்தப்பா