இரட்டைப்படை வருஷம்

ஸ்டோனி கோவ், மெய்ன்
செப்டம்பர் 14

அன்பும் அடாவடியும் குறையாத ஆர்மண்டுக்கு,

நலம். உன் நலமும், ஜோலீன் நலமும், உன் உருளைக்கிழங்கு வயலின் நலமும் அறிய ஆவல். அரசியல் என்றால் போனைத் தொடக்கூடாது, கடிதம்தான் என்று உன் மனைவி போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். போன தேர்தலில் நாம் போனில் போட்ட கூச்சலில் உங்கள் நாய் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை என்றாளே, பாவம்.

இது இரட்டைப்படை வருஷம், ஞாபகம் இருக்கட்டும். பதினேழு வயதில், பள்ளிக்கூடம் அறுவடைக்கு விடுமுறை விட்ட மூன்று வாரமும் உன் மாமா நிலத்தில் கிழங்கு பொறுக்கி, இரண்டு பேர் கூலியையும் போட்டு வாங்கிய துப்பாக்கி இந்த மான் வேட்டைக்கு என்னிடம் வர வேண்டும். ஒற்றைப்படை உனக்கு, இரட்டைப்படை எனக்கு. நாற்பத்து நான்கு வருஷத்தில் ஒரு வருஷம்கூட நாம் தவறியதில்லை, கடற்படையில் இருந்தபோதுகூட நீ லீவு எடுத்து வந்தாய்.

இந்த முறை வழக்கம்போல பாதி வழியில் உள்ள சாப்பாட்டுக் கடை வாசலில், கார் நிறுத்தும் இடத்தில் வைத்துக் கைமாற்ற வேண்டாம். நவம்பரில் வாக்குச்சீட்டில் மக்கள் முடிவுக்கு வரப்போகும் சட்டம் என்ன கேட்கிறது? தனி ஆளுக்குத் தனி ஆள் துப்பாக்கி கொடுத்தாலும் துப்பாக்கிக் கடைக்குப் போய், வாங்குகிறவன்மேல் பழைய குற்றம் உண்டா என்று பின்னணிச் சோதனை முடித்துக் கொடு என்கிறது. அவ்வளவுதான். அதை நாம் இப்போதே செய்து காட்டலாம். பத்திரிகைக்காரர்களை நான் வரச் சொல்கிறேன். பத்து நிமிட வேலை என்று ஊருக்கே தெரியட்டும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மீன்பிடிக்க இரை விற்ற எங்கள் ரோண்டாவை உனக்குத் தெரியும். அவள் புருஷனுக்குக் கடையில் துப்பாக்கி கொடுக்க மறுத்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அவன் எங்கோ கார் நிறுத்தும் இடத்தில் முகம் தெரியாத ஒருவனிடம் வாங்கிக்கொண்டான். அடுத்த புதன்கிழமை ரோண்டாவின் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் நானும் ஒருவன். அதிலிருந்து படகையும் சிங்கி இறால் கூண்டுகளையும் போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் இத்தனை உற்சாகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

உன்,
லீலண்ட்

——

செப்டம்பர் 21

அன்புள்ள கழுதைச் சின்னக் கட்சிக்காரனுக்கு,

ரோண்டாவைப் பற்றிப் படித்துவிட்டு ஜோலீன் அழுதாள். நானும் கொஞ்ச நேரம் வயலில் போய் நின்றேன்.

ஆனால் சட்டத்துக்கு வருவோம். என் வீட்டிலிருந்து காவல் அதிகாரி ஷெரீஃபின் அலுவலகம் நாற்பது மைல். ராத்திரி கதவைத் தட்டுகிறவன் அவர் வரும்வரை காத்துக்கொண்டிருக்க மாட்டான். இன்று ஒரு படிவம் என்பார்கள், நாளை ஒரு பட்டியல் என்பார்கள், மறுநாள் அந்தப் பட்டியலோடு என் வாசலில் ஆள் நிற்பான். யானைச் சின்னக் கட்சியின் மாவட்டத் தலைவனாகச் சொல்லவில்லை, உன் நண்பனாகச் சொல்கிறேன்: நீ நல்லவன், உன்னை முன்னால் நிறுத்தி வைத்திருப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

இருந்தாலும் சவால் என்று வந்தபின் பின்வாங்க முடியுமா? பந்தயம் கட்டுகிறேன். கிளைட்டின் துப்பாக்கிக் கடை, அக்டோபர் எட்டு, சனிக்கிழமை காலை பத்து மணி. பத்து நிமிடத்துக்குள் பதில் வந்தால் உன் கட்சியின் 'சட்டத்துக்கு ஆம்' பலகையை என் வயலில், சாலையைப் பார்த்து நானே நடுகிறேன். வராவிட்டால் வேட்டைக்காலம் முழுக்க நீ எங்கள் கட்சித் தொப்பியோடு படகில் போக வேண்டும். இந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் ஆட்கள் இப்போதே குதிக்கிறார்கள். எனக்கும் கல்யாணத்துக்குப் போவதுபோல் இருக்கிறது.

துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன்.

தோற்கப்போவது நீதான் என்று நம்பும்,
ஆர்மண்ட்

——

அக்டோபர் 10

லீலண்ட்,

ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய்? போன் எடுக்கவில்லை. அதனால் இது அரசியலா இல்லையா என்று யோசிக்காமல் எழுதுகிறேன்.

கடை கொள்ளாத கூட்டம். என் ஆட்கள் ஒரு பக்கம், உன் ஆட்கள் ஒரு பக்கம், நடுவில் பத்திரிகைப் பெண். கிளைட் சோதனை அலுவலகத்தோடு போனில் பேசப் பேச நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாக நிமிடம் எண்ணினேன். நீயும்தான் சிரித்துக்கொண்டிருந்தாய். அவன் போனை வைத்துவிட்டு, நீ எழுதிக்கொடுத்த படிவத்தைக் கவிழ்த்து வைத்தான். "லீலண்ட், உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்கப்பா," என்று மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் கடை முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தவன் நான். வேண்டுமென்றே கேலி செய்கிறான் என்று நினைத்தேன். நீ துப்பாக்கியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், வெளியே போய்விட்டாய்.

நான்கு நிமிடம், பன்னிரண்டு விநாடி. அதாவது பந்தயத்தில் ஜெயித்தவன் நீ. பலகையை நட்டுவிட்டேன். இதுவரை எங்கள் கட்சிக்காரர்கள் ஐந்து பேர் வண்டியை நிறுத்தித் திட்டிவிட்டுப் போனார்கள்.

உன் பெயரில் அவர்களிடம் என்ன இருக்கிறது? இயந்திரத்தின் பிழையாகத்தான் இருக்கும், சொல். எங்கள் செனட் வேட்பாளர் டக் ரெய்னர் உன் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்திருக்கிறார். 'உங்களைச் சோதிக்க வரும் ஆளைப் பாருங்கள்' என்று தலைப்பு. அச்சுக்குப் போகுமுன் என்னிடம் காட்டினார்கள். நான் தடுக்கவில்லை. தேர்தல் நேரம், உனக்கே தெரியும்.

ஆர்மண்ட்

——

அக்டோபர் 15

ஆர்மண்ட்,

இயந்திரத்தில் பிழை இல்லை. நமக்குப் பத்தொன்பது வயது, டிசம்பர் மாதம், துணை ஷெரீஃப் எல்டன் ஸ்ப்ரேக்கின் புது வண்டி. நினைவுக்கு வருகிறதா?

வாகனத் திருட்டு என்றால் பெருங்குற்றமாம். அதற்குத் தண்டனை பெற்ற ஒருவன் ஆயுள் முழுக்கத் துப்பாக்கியைத் தொடவே கூடாதாம். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் ஏட்டிலிருந்தே பெயர் போய்விடும் என்று அன்றைக்கு வக்கீல் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். படிவத்தில் பழைய குற்றம் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியதும் அந்த நம்பிக்கையில்தான். அதன்பிறகு கடையில் துப்பாக்கி வாங்க எனக்கு அவசியம் வரவில்லை, நம்மிடம்தான் ஒன்று இருந்ததே. இருபது வேட்டைக்காலம் சட்டத்துக்குப் புறம்பாகத் தூக்கித் திரிந்திருக்கிறேன், என்னைப் போன்றவர்களைத் தடுக்கும் சட்டத்துக்கு இப்போது வீடு வீடாக ஓட்டுக் கேட்கிறேன். நீ சிரிக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிரச்சாரக் குழுவில் என்னைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ரோண்டாவின் அம்மா மட்டும் வந்து, நீ போகாவிட்டால் யார் போவார்கள் என்று கேட்டாள்.

அன்றைக்கு வண்டியை ஓட்டியது யார் என்று நமக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமை நீ கடற்படைக்குப் போக வேண்டியிருந்தது. எனக்குப் போக இடம் எதுவும் இல்லை. அதனால் நான் என்று சொன்னேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை, இப்போதும் இல்லை. நீ வாய் திறக்க வேண்டாம். உன் பெயரும் பதவியும் அப்படியே இருக்கட்டும்.

ஆனால் அந்த நோட்டீஸை அச்சுக்கு முன்பே பார்த்தேன் என்று எழுதினாயே, அதை நீ எழுதாமலே இருந்திருக்கலாம்.

லீலண்ட்

——

அக்டோபர் 23

லீலண்ட்,

நீ வாய் திறக்காதே என்றால் நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

நேற்று விவசாயிகள் மண்டபத்தில் கட்சியின் பீன்ஸ் விருந்து. இருநூறு பேருக்குக் குறையாது. ரெய்னர் பேசுமுன் நான் அறிமுகம் செய்ய வேண்டும். மேஜைக்கு மேஜை உன் படம் போட்ட நோட்டீஸ், அதன்மேல் பீன்ஸ் தட்டு. உன் மூக்கில் ஒருவன் ரொட்டியை வைத்திருந்தான்.

மேடை ஏறும்வரை அறிமுகத்தை மட்டும் படித்துவிட்டு இறங்குவதாகத்தான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். எழுதி வைத்த காகிதம் கையில் இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்தது. "இந்தப் படத்துல இருக்கிறவன் எதையும் திருடல. வண்டிய எடுத்தது நான். உறைஞ்ச ஏரிமேல ஓட்டி மூழ்கடிச்சது நான். எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டான், நான் நாப்பத்திரண்டு வருஷம் சௌகரியமா மறந்துட்டேன்," என்றேன்.

ரெய்னர் முகம் வெளுத்துவிட்டது. அப்போது யார் எழுந்தது தெரியுமா? எல்டன் ஸ்ப்ரேக்கேதான். எண்பத்தெட்டு வயது, ஊன்றுகோலோடு. "எனக்கு அன்னிக்கே தெரியும்டா. லீலண்டுக்குக் கியர் வண்டியே ஓட்டத் தெரியாது. நீ எப்ப வந்து சொல்லப்போறேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றார்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நோட்டீஸையெல்லாம் நானே பொறுக்கி அடுப்பில் போட்டேன். இன்று காலை தலைவர் பதவியிலிருந்து விலகச் சொல்லி ஆள் வந்தது, எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு இருபது வயது குறைந்ததுபோல் இருக்கிறது.

ஒன்று மட்டும் தெளிவாகக் கேள். உன் சட்டத்துக்கு எதிராகத்தான் ஓட்டுப் போடப்போகிறேன். நோட்டீஸ் விஷயத்தில் நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு.

ஆர்மண்ட்

——

நவம்பர் 11

அன்புள்ள ஆர்மண்டுக்கு,

உன் கடிதத்தை ரோண்டாவின் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்டன் எழுந்த இடத்தில் அவள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. மறுநாளே நான் மறுபடியும் வீடு வீடாகக் கிளம்பிவிட்டேன், குழுவைக் கேட்கவில்லை. போன இடமெல்லாம் என் கதையை நானே முதலில் சொல்லிவிட்டேன். சோதனை வேலை செய்கிறது, என்னையே பிடித்துவிட்டது என்றால் கதவைச் சாத்த வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஊரில் மூன்றுக்கு ஒன்று என்று மண்ணைக் கவ்வினோம். மாநிலத்தில் மயிரிழையில் ஜெயித்துவிட்டோம். அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் சாயங்காலம் தனியாக உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மற்றவர்களுக்குச் சட்டம், எனக்கு விலக்கு என்று இருக்க முடியாது. அதனால் துப்பாக்கியில் என் பாதியை உனக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இனி எல்லா வருஷமும் உன்னுடையது. இந்த மாதக் கடைசியில் உங்கள் வீட்டு நன்றிகூறும் நாள் விருந்துக்கு நான் வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வெறுங்கையோடு வந்து உங்கள் வேட்டைக் கதையைக் கேட்க இந்த வருஷம் மனம் இடம் கொடுக்கவில்லை.

லீலண்ட்

——

நவம்பர் 27

அன்புள்ள லீலண்டுக்கு,

விருந்தில் உன் நாற்காலி காலியாகவே இருந்தது. ஜோலீன் அதை எடுக்க விடவில்லை.

உன் பழைய குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கவர்னருக்கு மனு எழுதியிருக்கிறேன், கிடைத்தால் நீ மறுபடியும் துப்பாக்கியைத் தொடலாம். அவர் உங்கள் கட்சி ஆள். அவரை 'மாண்புமிகு' என்று எழுத என் கை வலித்த வலி எனக்குத்தான் தெரியும். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டேன். எல்டனும் போட்டிருக்கிறார், கை நடுக்கத்தில் கோணலாக விழுந்தாலும் பெயர் தெரிகிறது. வருஷக்கணக்கில் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம் என்கிறார்கள்.

நேற்று வேட்டையின் கடைசி நாள். என்னிடம் வேறு துப்பாக்கிகள் இருப்பது உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, நம்முடையதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் பக்கத்தில் நீ உட்காரும் இடத்துக்குப் போனேன். அது ஒரு வருஷம்கூடக் காட்டைப் பார்க்காமல் இருந்ததில்லையே. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. கொம்பில் பத்துக் கிளை. நாற்பது தப்படி தூரம், விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. நாற்பத்து நான்கு வருஷத்தில் அப்படி ஒன்றை நானும் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை. தூக்கிக் குறி பார்த்தேன்.

பிறகு கீழே இறக்கிவிட்டேன். அது நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

நீ எழுதிய காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கிழித்துப் போடு. இந்த வருஷம் உன்னுடையது. அதில் சுட எனக்கு உரிமை இல்லை.

ஆர்மண்ட்