வாய் மூடாத ஏலக்காரர்

பிப்ரவரி 4

இன்று புது நோயாளி ஒருவர். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். வலது டான்சிலில் புற்றுநோய். நாற்காலியில் உட்காரும் முன்னேயே, "டாக்டரம்மா, கதிர் வைங்க, கத்தி வைங்க, என்ன வேணா பண்ணுங்க. தொண்டை மட்டும் எனக்குத் திரும்ப வேணும்" என்றார். அறைக் கண்ணாடியே அதிர்ந்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டார்: "வீட்லயும் இப்படித்தான். உப்பு கேட்டா தெருவுக்கே கேக்கும்."

கழுத்தின் வலப்பக்கம் மட்டும் கதிர் கொடுத்தால் போதும் என்றால், இடப்பக்க எச்சில் சுரப்பி தப்பிக்கும். இரண்டு பக்கமும் என்றால் வாய் வறண்டுபோகும். அப்புறம் எங்கே கூவுவது? புற்று எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிச்சம் காட்டும் பெட் ஸ்கேன் சொல்லட்டும்.

பிப்ரவரி 9

ஸ்கேன் வந்தது. டான்சில் பளிச். வலது கழுத்தில் ஒரு நிணநீர்க்கட்டி, அதுவும் பளிச். எதிர்பார்த்ததுதான். ஆனால் இடது கழுத்திலும் வெளிச்சம்! 'பரவியிருக்கலாம்' என்கிறது அறிக்கை. சே.

பிப்ரவரி 10

இரண்டு பக்கமும் கதிர் கொடுக்க மனசு ஒப்பவில்லை. மனசு ஒப்பாததெல்லாம் ஒரு காரணமா? மனுஷனைப் பிடித்துப்போனதால் சாக்குத் தேடுகிறேனோ? பரவியதை விட்டுவைத்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

பிப்ரவரி 11

மில்லியோடு உட்கார்ந்தேன். எங்கள் இயற்பியலாளர் — ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள், அதனால் அந்தப் பெயர். சிகிச்சைத் திட்டத்துக்கு எடுத்த சிடி படத்தின்மேல் பெட் படத்தைப் பொருத்திக் காட்டினாள். இடது வெளிச்சம் கட்டி மாதிரி உருண்டையாகவே இல்லை. காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்சுவரை நீளமாக, தசையோடு தசையாக இறங்குகிறது.

"தலையை வலப்பக்கம் திருப்பினா வேலை செய்யற தசை இது" என்றேன்.

"ஊசி போட்டதும் அசையாம படுக்கணுமே. இவர் ஏன் திருப்பினார்?"

ஸ்கேன் அறை நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டோம். விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரா? வாய மூடினாத்தானே! வலது பக்கத்துக் கட்டில்காரர் செருப்பையே ஏலம் விட்டார் மேடம். ஒரு தரம், ரெண்டு தரம்... மூணாந்தரத்துக்குள்ள நான் போய் அதட்டினேன்."

ஐயோ மனுஷா! ஊசியில் போவது சர்க்கரை மாதிரியான மருந்து. புற்றும் அதைத் தின்னும், உழைக்கிற தசையும் தின்னும். பேசாதே, அசையாதே என்று கரடியாய்க் கத்துவது அதற்குத்தானே?

சிரித்து ஓய்ந்தோம். சிரிப்பை வைத்துச் சிகிச்சை செய்ய முடியாது. மறுபடி ஸ்கேன்.

பிப்ரவரி 17

இந்தத் தடவை தனி அறை. நானே போய் மிரட்டினேன்.

"எவ்வளவு நேரம் பேசக்கூடாது?"

"ஒரு மணி நேரம்."

"அதுக்குக் கதிரே தேவல டாக்டரம்மா."

பிப்ரவரி 18

இடப்பக்கம் இருட்டு! இருட்டைப் பார்த்து இப்படிக் குதித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். அல்ட்ராசவுண்டிலும் அங்கே ஒன்றுமில்லை. ஒரு பக்கம் போதும்.

பிப்ரவரி 24

திட்டம் தயார். நான் வரைந்த எல்லையை ஒட்டியே கதிர் வளைந்து திரும்புகிறது. இடது சுரப்பிக்கு அனேகமாக ஒன்றும் போகாது. மில்லி மூன்று தடவை திருத்தினாள். பெருமையாக இருக்கிறது. இருக்கட்டுமே, என்ன இப்போ? வெளியே சொன்னால் தலைக்கனம் என்பார்கள். இங்கே எழுதிக்கொள்கிறேன்: நாங்க கெட்டிக்காரிங்க.

மார்ச் 30

கதிர் பட்டுப் பட்டுத் தொண்டை முழுக்கப் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. இன்று அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சத்தம் இல்லாம வீடு வீடாவே இல்லம்மா" என்று மனைவி அழுதார். தாங்க முடியல எனக்கு.

ஜூலை 14

ஸ்கேன். எங்கேயும் வெளிச்சம் இல்லை. எங்கேயும்!

ஆகஸ்ட் 2

காலையில் மொத்தச் சந்தைக்குப் போனேன். காய் வாங்க என்று வீட்டில் சொன்னது பொய்.

வாசலிலேயே குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்னைப் பார்த்துவிட்டார். டக்கென்று நிறுத்தி, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது.

"கூவுங்கய்யா!" என்று கத்தினேன். எனக்குத்தான் குரல் கம்மிவிட்டது.

"மூணு தரம்!"