தெற்கு வாசலுக்குச் செய்த கேட்

பாய்,

கையில் ரெட் ஆக்சைடு வாடை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது ரசத்தையும் மீறி வந்தது. வீட்டுக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்பூனை எடுத்து வைத்தாள். எனக்கோ நீங்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. உங்கள் வெல்டிங் பட்டறையில் டீ கிளாஸில்கூட இந்த வாடைதானே அடிக்கும்.

காலையில் என் தேங்காய் மண்டிக் கிட்டங்கியில் சாக்குகளை ஒதுக்கிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த கேட்டை வெளியே இழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்தின் தெற்கு வாசலுக்கென்று நீங்கள் செய்து வைத்த கேட்தான். அடிப்பக்கம் துரு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு கை பெயின்ட் அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. இங்கே யாரிடம் சொன்னாலும், "விடுங்க அண்ணாச்சி, நல்ல கட்டடம் வந்துருச்சுல்ல" என்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உயர்நிலைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் என்று ஆர்டர் வந்ததும் ஊராரிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்களே, அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். நீங்களும் நானும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் பிளானை மேஜையில் விரித்தார். ஆளாளுக்கு எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, எனக்கும்தான். நீங்கள் கபடிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளை ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு வந்தீர்கள். "சார், செத்த நேரம் குடுங்க. தரையிலயே போட்டுக் காட்டுறேன்."

அந்த இன்ஜினியர் நல்ல மனிதர். அவரே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பொட்டல் முழுக்கக் கட்டடம் வெள்ளைக் கோடாய் எழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு வாய் வந்தது. பெண்கள் வகுப்பறைக்குள் போய் நின்று பார்த்து, "இது கிளாஸா, கோழிக்கூடா?" என்றார்கள். பெண்பிள்ளைகளின் கழிப்பறை மைதானத்தின் கடைசியில் இருந்தது. அதை இழுத்து வகுப்பறைப் பக்கம் கொண்டுவர வைத்தார்கள். மேலத்தெருப் பெரியவர் ஒருவர் தலைமையாசிரியர் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். நீங்கள் ஒவ்வொரு கோட்டையும் காலால் அழித்து அழித்துப் போட்டீர்கள்.

எல்லாரும் உள்ளே நடமாடிக்கொண்டிருந்தபோது தெற்குத் தெருவிலிருந்து வந்த பேச்சியம்மாள் மட்டும் மகளைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றாள். என் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறவள்தான். "உள்ள வாம்மா" என்றீர்கள்.

"எப்பிடி வர, பாய்? எங்க பக்கம் வாசலே இல்லையே. பள்ளிக்கூடம் எங்க தெருவை ஒட்டித்தான் வருது. ஆனா சுத்திக்கிட்டு மெயின் ரோட்டு வழியாத்தான் வரணும். அம்புட்டு லாரி போற ரோடு. எம்புள்ள சின்னப் புள்ள."

நீங்கள் தெற்குக் கோட்டில் ஒரு இடத்தைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தீர்கள். "இந்தா வாசல். இப்ப வா." அவள் வந்தாள். சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. இன்ஜினியர் பிளானில் குறித்துக்கொண்டார். எங்கள் மேலத்தெருவில் ஒருத்தரும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் திருந்திவிட்டது என்று அன்றைக்கு நான் நினைத்தேன். நீங்கள் மறுநாளே கேட்டுக்கு இரும்பு வெட்ட ஆரம்பித்துவிட்டீர்கள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. ராஜபாளையத்து மில்காரர் ஒருவர் முகப்பில் ஆர்ச்சும் தண்ணீர்த் தொட்டியும் கட்டித் தருகிறேன் என்று வந்தார். கூடவே அவருடைய மேனேஜரும் ஒரு வாஸ்துக்காரரும். மறுபடியும் ஊர்க் கூட்டம் கூடியது. அந்த வாஸ்துக்காரர் பொட்டலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "தெக்க எமதிசை. படிக்கிற எடத்துக்கு அந்தப் பக்கம் வாசல் ஆகாது" என்றார்.

அப்போது என் தெருக்காரர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, பாய். கல்யாண வீட்டில் பசியோடு காத்திருந்தவனுக்கு இலை போட்ட மாதிரி. அதைவிட அசிங்கமாக ஒன்றை நான் பார்த்ததில்லை. அவர்கள் சொல்லக் கூசியதை ஒருவர் வந்து திசையின் தலையில் கட்டிவிட்டார். முந்தின வாரம்தான் என் மச்சான் டீக்கடையில் என் காதோடு சொல்லியிருந்தான். "அந்தப் பக்கம் வாசல் வெச்சா அது அவங்க பள்ளிக்கூடமா ஆயிரும், மாப்ள." கூட்டத்தில் அவன் அப்படிச் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டு, "பிள்ளைக படிப்பு விசயம், சாஸ்திரத்த மீற வேணாம்" என்றான்.

நீங்கள் எழுந்து, ரொம்பப் பணிவாகத்தான் கேட்டீர்கள். "ஐயாவோட மில்லு கேட்டு தெக்க பாத்துதான இருக்கு? நான்தான மாட்டுனேன்."

"அது தொழில், பாய். இது கல்வி" என்றார் மேனேஜர். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். பின்னாலிருந்து ஒருவன், "பாய்க்கு வாஸ்துவப் பத்தி என்ன தெரியும்?" என்றான். சிரித்தார்கள். பேச்சியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனதை நாம் இருவர்தான் பார்த்தோம். தீர்மானம் மாற்றி எழுதியாயிற்று. வெளியே வந்து நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அண்ணாச்சி, குமட்டுது. ஒரு டீ சொல்லுங்க."

அதற்குப் பிறகும் நீங்கள் கேட் வேலையை நிறுத்தவில்லை. வாசலே இல்லை, கேட் எதற்கு என்று கேட்டேன். "ஆர்டர் வந்த பொறவு செஞ்சா லேட்டாயிரும்ல" என்று சிரித்தீர்கள். மழைக்காலத்தில் ஒரு விடிகாலை உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பட்டறையைக் காலி செய்தபோது உங்கள் வீட்டில் சொன்னார்கள். "இத எடைக்குப் போட மனசு வரல. நீங்களே கொண்டு போயிருங்க." கொண்டு வந்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன். போயிருக்கக் கூடாது. ஆர்ச்சில் மில்காரர் பெயர் ஊர் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. நுழைந்ததும் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். 'ஊர் மக்களின் யோசனைப்படி உருவான பள்ளி' என்று மேலே எழுத்து. கீழே ஒரு போட்டோ. யாருடையது தெரியுமா? உங்களுடையதுதான். கையில் சுண்ணாம்புச் சட்டியோடு, ஒரு காலைத் தூக்கி, தெற்குக் கோட்டை அழித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பேச்சியம்மாளையும் மகளையும் வெட்டிவிட்டார்கள். படத்துக்குக் கீழே நின்று என் மச்சான் வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் நீட்டினான். நான் தொடவில்லை.

தெற்குத் தெருப் பிள்ளைகள் கொஞ்ச நாள் சுவரேறிக் குதித்துப் போனார்கள். பிள்ளைகள் என்றால் அப்படித்தானே. உடனே ஊர் கூடிச் செலவழித்து, அந்தத் தெற்குச் சுவரின்மேல் மட்டும் கண்ணாடிச் சில்லுப் பதித்தது. மற்ற மூன்று பக்கமும் மொட்டைச் சுவர்தான். பேச்சியம்மாள் மகளுக்கு உள்ளங்கை கிழிந்துவிட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே சுற்றிப் போய், லேட்டாக வந்ததற்கு வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். இந்த ஊரில் பிறந்தேன் என்று வெளியூரில் சொல்லிக்கொள்ளவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் என் மச்சான் கிட்டங்கிக்கு வந்தான். கேட்டைத் தட்டிப் பார்த்தான். "சும்மாதான கெடக்கு, மாப்ள. மாட்டுக்கொட்டாய்க்கு நல்லா ஆகும். குடுத்துரு." வெளியே போ என்றேன். அக்கா தங்கை உறவெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அவன் போன பிறகு, காய் பிரித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் எழுந்து வந்து கேட்டின் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். தாழ்ப்பாள் லேசாகப் போய்வந்தது.

"இது எங்க வாசல் கேட்டுதான, அண்ணாச்சி?"

"ஆமா."

"அப்ப அங்கல்ல இருக்கணும்?"

இந்த வருஷம் மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோர்கள் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாளைக்குக் கூட்டம். காலையிலேயே குட்டி யானை வண்டியில் கேட்டை ஏற்றிக்கொண்டு போகிறோம். நீங்கள் காலால் அழித்த இடம் எது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சுவரில், கண்ணாடிச் சில்லுக்குக் கீழே, தெருப்பக்கமாக அதைச் சாய்த்து வைக்கப்போகிறோம். பிறகு அவளும் நானும் மெயின் ரோட்டு வழியாகச் சுற்றிப் போய் முதல் வரிசையில் உட்காருவோம். வாசல் எங்கே என்று அவள்தான் கேட்பாள். அன்றைக்கு உங்களிடம் கேட்டதுதான்.

என்ன பதில் வரும் என்று தெரியும். எத்தனை பேர் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள் என்றும் தெரியும். வெளியே வரும்போது கட்டாயம் குமட்டும். நாளைக்கு நீங்கள் கேட்காமலே நான் டீ சொல்ல வேண்டும், பாய். பேச்சியம்மாளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.