ஹெட்போனில் கேட்ட ‘அப்பறம்?’

உன் ஹெட்போனை இன்று மத்தியானம் எடுத்து மாட்டிக்கொண்டேன். நீ போன நாளிலிருந்து அது சுவரில் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காதில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. சற்று முன்புதான் யாரோ கழற்றி வைத்ததுபோல் பஞ்சு சூடாக இருந்தது. அந்த நேரத்துக்கு ஜன்னல் வெயில் ஆணிமேல் விழும் என்பது பிறகுதான் உறைத்தது. ஆனால் உன் தேங்காயெண்ணெய் வாசனைக்கு வெயில் காரணமில்லை. அது அப்படியே இருக்கிறது.

நம் அறையும் அப்படியேதான் இருக்கிறது. புதுவாயல் கூட்டுரோட்டில் டிரெய்லர் திரும்பினால், டயர் கடைக்கு மேலே நம் மேஜை, சுவர் எல்லாம் நடுங்கும். சக்கரம் வைத்த உன் நாற்காலி மெதுவாகச் சுழன்று ஜன்னலைப் பார்த்து நிற்கும். “லாரிக்காரன் கூப்புடறான்மே, போய்க்கினு வர்ட்டா?” என்று சிரிப்பாய். இப்போது காலியாக இருக்கும்போதும் அது திரும்புகிறது. முதல் தடவை பார்த்தபோது பதறிக்கொண்டு கீழே இறங்கி டயர் கடை வாசலில் நின்றேன். கடைக்கார அண்ணன், “இன்னாம்மா, பேயக் கீயப் பாத்துட்டியா?” என்றார். சிரித்து மழுப்பினேன்.

அந்த அண்ணனிடம்தான் போன வாரம் அறையைக் காலி செய்வதாகச் சொன்னேன். உன்னிடம் சொல்லாமல் சொன்னேன் என்று வை.

காரணம் இதுதான். கும்மிடிப்பூண்டியில் பம்பு உதிரிபாகம் வார்க்கும் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் வேண்டுமாம். முதலாளி போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, “டிசைன் பண்ற அந்தப் பொண்ணு தவறிடுச்சாமே. நீங்க இன்னா பண்ணுவீங்கம்மா?” என்றார். பாவம், அக்கறையாகத்தான் கேட்டார். “வேலைய முடிச்சுக் குடுக்கறேன் சார்” என்று போனை வைத்துவிட்டேன். நாம் செய்த பக்கங்களையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். நிறம் உன்னுடையது, கோடு உன்னுடையது, எதை எங்கே வைப்பது என்கிற கண்ணும் உன்னுடையது. நான் என்ன செய்தேன்? கம்பெனி கம்பெனியாக அலைந்து பேச்சைப் போனில் பதிந்து வருவேன். நீ வரைந்ததைக் கடைசியில் கணினிக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பேன். இதை ஒரு திறமை என்று எப்படிச் சொல்வது? அன்றே முடிவு செய்துவிட்டேன். இந்த ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, ஏதாவது கம்பெனி ஆபீஸில் கணக்கு அடிக்கப் போய்விடலாம் என்று.

உனக்கு வீசிங். வார்ப்படப் புகை வாசலிலேயே உன்னை மடக்கிவிடும். அதனால் கம்பெனிக்குப் போவது எப்போதும் நான் மட்டும்தான். நான் கொண்டுவந்ததை நீ ஹெட்போனில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, காகிதத்தில் கிறுக்க ஆரம்பிப்பாய். நடுநடுவே சத்தமாக, “அப்பறம்?” என்பாய். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, மேலே தூக்கி. ஹெட்போனுக்குள் இருக்கும் ஆளிடமே கேட்பதுபோல். அந்த ‘அப்பறம்?’ உன் அடையாளமாகவே ஆகிவிட்டது. நீ போன பிறகு, படியில் ஏறும்போதெல்லாம் மேலிருந்து அது கேட்டுவிடுமோ என்று கால் தயங்கியிருக்கிறது.

இன்று கேட்டது.

பம்பு கம்பெனி முதலாளியிடம் காலையில் அவர் கேபினில் பேசிப் பதிந்ததைத்தான் போட்டிருந்தேன். நீ செய்வதுபோலவே கண்ணை மூடிக்கொண்டேன். தரம், நம்பிக்கை, எங்க நைனா ஆரம்பிச்சது, முதல் பக்கத்துல நைனா போட்டோ மாலையோட பெரிசா வரணும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். பின்னால் எங்கோ சுத்தியல் சத்தம். அவர் நிறுத்தினார்.

“அப்பறம்?”

உன் குரல். அதே இழுப்பு. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். உன் நாற்காலி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அந்தக் கேபினில் அவரையும் என்னையும் தவிர ஒரு ஈ காக்கா இல்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. வந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த இடத்துக்கே போனேன். “அப்பறம்?” என்றாய். அவர் யோசித்து, குரலை இறக்கி, “இன்னாத்த சொல்றது… பம்பு ஓடற வரைக்கும் எங்கள எவனும் நெனைக்க மாட்டாம்மா. நின்னாத்தான் தேடுவான்” என்றார். உடனே நீ, “சார், அந்த ஃபேனக் கொஞ்சம் நிறுத்துங்க, சரியா கேக்கல” என்றாய்.

காலையில் ஃபேனை நிறுத்தச் சொன்னது நான்.

நான் எடுத்த பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இத்தனை காலமும் அவற்றை நீ மட்டுமே கேட்டிருக்கிறாய். என் குரலை வெளியிலிருந்து நான் கேட்டதே இல்லை. நீ கால் வைக்காத கம்பெனிகளிலெல்லாம் அந்தக் குரல் உட்கார்ந்திருக்கிறது. ஆட்கள் ஒப்பிப்பதை ஒப்பித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறது. பிறகு, “அப்பறம்?” அதற்கப்புறம்தான் ஒவ்வொருவரும் உண்மையைச் சொல்கிறார்கள். கிரேன் வாடகைக்கு விடுகிறவர் ஞாபகமிருக்கிறதா? ‘எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று நீ அவர் பக்கத்தைத் தொடங்கியதைப் பார்த்து ஊரே உன்னைப் பாராட்டியது. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. வரவழைத்தது அந்தக் குரல்.

அன்று பாராட்டு முடிந்ததும் நீ என் பக்கம் திரும்பி, “இது உன்னுதுமே. நான் படம்தான் போட்டேன்” என்றாய். நான் அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். ஹெட்போனுக்குள் என்னைக் கேட்டு, எனக்கு எதிரிலேயே என்னைப்போல் இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டியிருக்கிறாய், கழுதை. எனக்கு எதுவும் விளங்கவில்லை. இன்று மேஜைமேல் தலை வைத்து அழுதேன். நீ இல்லாததற்கு அழுதேன். இதைச் சொல்லிச் சிரிக்க நீ இல்லாததற்கும் அழுதேன்.

பம்பு கம்பெனிப் பக்கத்தை நானே வரைந்தேன். கோடு உன்னுடையதுபோல் வரவில்லை. மாலை போட்ட நைனாவைக் கீழே இறக்கிவிட்டு, மேலே ‘பம்பு நின்றுவிட்டதா?’ என்று மட்டும் போட்டு, பக்கத்திலேயே போன் நம்பர் வைத்தேன். முதலாளிக்கு அனுப்பியதும் போனில் கூப்பிட்டார். “நீங்க இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டனே…” என்று ஆரம்பித்தார். “கேப்பேன் சார்” என்றேன். அந்தப் பக்கம் அவர் ‘பம்பு நின்றுவிட்டதா?’ என்று மெல்ல வாசிப்பது கேட்டது. பிறகு, “ஆமாம்மா, நான்தான் சொல்லிக்கினு இருந்திருக்கேன்” என்றார்.

அறையைக் காலி செய்யவில்லை என்று டயர் கடை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். உன் நாற்காலியும் இங்கேயேதான் இருக்கும்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. போனில் அவரிடம் கடைசியாக, “அப்பறம்?” என்றேன். என் குரல்தான், இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். கீழே ரோட்டில் வண்டி எதுவும் போகவில்லை. உன் நாற்காலி மெதுவாக என் பக்கம் திரும்பியது.