பனிமேல் பதினெட்டு டன்

நவம்பர் 12
நான் சமைத்துவந்த பள்ளிக்கூடச் சமையலறையை மூடி இரண்டு மாதம் ஆகிறது. இன்று லாரி ஓட்டும் வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு ஐம்பத்தொன்று, சொல்லித்தரும் ஊனாவுக்கு இருபத்தாறு. பிப்ரவரிக்குள் உரிமம் வாங்கினால் வடக்குக் கிராமங்களுக்கு மளிகை ஏற்றிப்போகும் வேலை. இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே ஹெல்சிங்கியில் மகனோடு — வேண்டாம். அதை எழுதக்கூட வேண்டாம்.

நவம்பர் 20
"ரைலி அக்கா, ஸ்டியரிங்கை ஏன் கஞ்சி கிண்டுற மாதிரி கிண்டுறீங்க?" என்றாள் ஊனா. முப்பது வருஷப் பழக்கம், என்ன செய்ய.

டிசம்பர் 3
மைனஸ் இருபத்தெட்டு. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டியின் பின்பக்கம் தனியாகக் கிளம்பி என்னை முந்தப் பார்த்தது. பனிக்குவியலில் மூக்கைப் புதைத்து நின்றோம். அடி ஒன்றுமில்லை. மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற என் தம்பி தவுனோ வந்து இழுத்துவிட்டான். "பேசாம மகன்கிட்ட போயிடுக்கா. இது உனக்கு ஆகாது."
அவன் சொல்வதுதான் சரியோ?

டிசம்பர் 4
வகுப்புக்குப் போகவில்லை.

டிசம்பர் 5
ஊனா லாரியை என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டாள். "நான் கத்துக்கறப்ப ரெண்டு தடவை பனிக்குள்ள விட்டிருக்கேன். உங்களுக்கு ஒண்ணுதானே ஆச்சு, ஏறுங்க."
அதே இறக்கம். கால் பிரேக்குக்குத் துடித்தது. "காலை எடுங்க. மேலயே கியரைக் குறைச்சாச்சு, இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும்."
பிடித்துக்கொண்டது. ஏழு முறை இறங்கினோம். ஏழாவது முறை ஊனா கண்ணை மூடிக் குறட்டை விடுவதுபோல் நடித்தாள், போக்கிரி.

ஜனவரி 16
தேர்வு. பனிக்காற்று. பக்கத்தில் தேர்வு வைப்பவர், மடியில் தாளும் பேனாவும். வளைவு தாண்டினால் சாலை நடுவே கலைமான்கள், எட்டோ ஒன்பதோ. கியரைக் குறைத்தேன், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும். வண்டி நேர்கோடாக வந்து நின்றது. மான்கள் அசையவில்லை. காத்திருந்தோம்.
"முன்னாடி எங்க ஓட்டினீங்க?" என்று கேட்டார்.
"ஓட்டல. சமைச்சேன்."
பாஸ். நான் பாஸாயிட்டேன். என் காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். தவுனோவிடம் போனில் சொன்னேன். "என்கிட்ட நல்ல தோல் கையுறை ஒண்ணு இருக்கு. கொண்டாந்து தர்றேன்" என்றான்.

பிப்ரவரி 21
மளிகை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்துக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத லாரிக்காரர் ஒருவர் நேராக என் மேசைக்கு வந்தார்.
"வடக்கேயிருந்துதானே வர்றீங்க? ரோடு எப்படிங்க இருக்கு?"
"ஏரி தாண்டினா ஏத்தம் முழுக்கக் கண்ணாடி மாதிரி. இங்கேயே சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிட்டுப் போங்க."
தலையாட்டிவிட்டு வெளியே போனார். சன்னல் வழியே பார்த்தேன்: பனியில் மண்டியிட்டுச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்.
நான் இன்னொரு காபி வாங்கினேன்.