அப்பா நிறுத்தாமல் விட்ட பதிவு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை ஒழுங்காகப் போடு.

என் சம்பளத்துக்கு அடங்குகிற ஹெட்போன் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் தடதடவென்று அதிர்கிற ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். அப்பா கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அதில் போட்டேன். பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது.

"எல்லாரும் பாட்டு போட்டுத்தான் பார்ப்பாங்க தம்பி."

"எனக்குப் பேச்சுதான் வேணும்."

விலை குறைந்த, பார்க்க அசிங்கமான ஒன்றில் குரல் சுத்தமாகக் கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்பதோடு அந்த மெசேஜ் முடிந்துவிட்டதாகத்தான், இதுவரை போன் ஸ்பீக்கரில் கேட்டு நினைத்திருந்தேன். பேசி முடித்ததும் பதிவை நிறுத்த என்றைக்கு அவருக்குத் தெரிந்தது! பின்னால் மெல்ல உன் குரல்: "ஆபரேஷன்னு அவன்கிட்ட சொல்லிருக்கலாம்ல?" அதற்கு அப்பா, "சொன்னா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவான். விடு." பிறகு அவர் மூச்சு மட்டும், என் காதுக்குள்.

அவர் பின்னால் நிற்கிறாரோ என்று கடையிலேயே திரும்பிப் பார்த்துவிட்டேன். பயப்படாதே, சும்மா சொன்னேன்.

அப்பா போனில் எதையும் அழிக்காதே. எல்லா மெசேஜையும் அனுப்பு. கை தவறி அழுத்தி, ஒன்றுமே பேசாமல் விட்டது இருந்தால் அதை முதலில் அனுப்பு.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்